மேனார்டை நேரில் கேட்டவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஜாஸ் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். ஜாஸ் என்பது பெரிய கடல். அதனால் நான் ஒரே ஒரு மனிதரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதிலும் அவரது வாழ்க்கை வரலாற்றுக்குள் அதிகம் போகப் போவதில்லை. அவரை மேடையில் கேட்டவர்கள் இன்றைக்கும் எதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள் என்பதுதான் என் பேச்சு.

அவர் பெயர் மேனார்ட் ஃபெர்குசன். 1928இல் கனடாவில், மாண்ட்ரியலை ஒட்டிய வெர்டனில் பிறந்தவர். ட்ரம்பெட் கலைஞர். பிக் பேண்ட் என்கிறார்களே, ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸபோன், பியானோ, டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து பத்துப் பதினைந்து பேருக்கு மேல் உட்கார்ந்து வாசிக்கும் குழு, அப்படிப்பட்ட குழுக்களை ஏறக்குறைய ஐம்பது வருடம் நடத்தியவர். அவரை நீங்கள் கேட்டதே இல்லை என்று நினைத்தால் அது தவறாகவும் இருக்கலாம். 50களின் நடுவில் ஹாலிவுட்டின் பாரமவுண்ட் ஸ்டுடியோ இசைக்குழுவில் அவர்தான் முதல் ட்ரம்பெட். நம் ஊர்த் தியேட்டர்களிலும் திரும்பத் திரும்ப ஓடிய 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்தின் இசையில் அவர் ஊதியதும் இருக்கிறது.

சில வருடங்கள் அமெரிக்காவில் இருந்தபோது, பள்ளி பேண்டில் வாசித்து வளர்ந்த பலரோடு பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவர்களில் ஒருவர் பேச்சில் மேனார்ட் என்ற பெயர் வந்துவிட்டால் போதும், அன்றைக்கு வேறு பேச்சு கிடையாது. குடும்பப் பெயரை யாரும் சொல்வதில்லை, மேனார்ட்தான். எனக்கு வியப்பாக இருந்தது என்னவென்றால், எந்தப் பாட்டை வாசித்தார் என்று அவர்கள் முதலில் சொல்வதில்லை. எப்படி நின்றார் என்றுதான் தொடங்குவார்கள். முழங்காலைக் கொஞ்சம் மடித்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, ட்ரம்பெட்டை மேல்நோக்கித் தூக்குவாராம். மூச்சை இழுக்கும்போது மார்பு விரிவது கடைசி வரிசைக்கே தெரியுமாம். இதை வாயால் சொல்லி நிறுத்த மாட்டார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று செய்தே காட்டுவார்கள்.

ஏன் உடம்பை இவ்வளவு கவனித்தார்கள்? அவர்களில் பாதிப் பேர் ட்ரம்பெட் வாசித்தவர்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ட்ரம்பெட்டில் விரலால் அழுத்த இருப்பது மூன்றே வால்வு. மீதி எல்லாம் உதடும் மூச்சும். வாயூதியில், அதாவது உதட்டில் வைத்து ஊதும் முனையில், உதடு எவ்வளவு வேகமாக அதிர்கிறதோ அவ்வளவு உயரத்தில் சுரம் பிறக்கும். மேல்நாட்டு இசைக் குறிப்பில் ஐந்து கோடுகளையும் தாண்டி மேலே நிற்கும் 'ஹை சி' என்ற சுரத்தை ஊதும்போது உதடு நொடிக்குச் சுமார் 930 தடவை அதிர்கிறது. பள்ளிப் பிள்ளைக்கு அதைச் சுத்தமாகப் பிடிக்கவே சில வருடம் ஆகும். அதற்கும் ஒரு ஸ்தாயி மேலே 'டபுள் சி'. அங்கே நொடிக்கு 1,860க்கும் மேல். அந்த இடத்தில் ஒரு கீச்சுச் சத்தம் எழுப்ப நிறையப் பேரால் முடியும். மேனார்ட் அங்கே போய் அகலமான, சதைப்பிடிப்புள்ள நாதத்தோடு ராகம் பாடுவது மாதிரி நின்று வாசித்தார். ஒரு கச்சேரியில் ஒரு தடவை அல்ல, பல தடவை. மறுநாள் வேறு ஊரில் திரும்பவும். ஒரு மணி நேரம் ஊதினாலே உதடு வீங்கிப்போகிற பதினாறு வயதுப் பையனுக்கு அதைப் பார்க்கும்போது என்ன தோன்றியிருக்கும்!

இது ஏதோ வயதான பிறகு கூடிய வித்தை அல்ல. ஸ்டான் கென்டன் தன் பெரிய குழுவில் 1950இல் அவரைச் சேர்த்தபோது வயது 21. அந்த வருடமும் அடுத்த இரண்டு வருடமும் 'டவுன்பீட்' என்ற ஜாஸ் பத்திரிகையின் வாசகர் வாக்கெடுப்பில் முதல் ட்ரம்பெட் கலைஞர் அவர்தான்.

ஆனால் ரசிகர்களின் நினைவில் அதிகம் நிற்பது கென்டன் காலம் அல்ல, 70கள். பிக் பேண்ட்களுக்கு நடன அரங்குகளில் வேலை வற்றிப்போயிருந்த காலம். 60களின் பிற்பகுதியில் அமெரிக்காவை விட்டுப்போன மேனார்ட், இங்கிலாந்தில் புதிதாக ஒரு குழு கட்டி, 1970இல் 'மெக்ஆர்தர் பார்க்' என்ற பாட்டைத் தன் பாணியில் இசைத்தட்டாக்கினார். அது அவரை ராக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்புறம் அமெரிக்கா திரும்பி, பஸ்ஸில் ஏறி ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். பெரிய நகரத்து அரங்குகள் மட்டுமல்ல, சின்ன ஊர்களின் உயர்நிலைப் பள்ளிகளும் அவர் வாசித்த இடங்கள்.

பள்ளியில் கச்சேரி என்றால் பெரும்பாலும் ஜிம்னாசியம்தான். பளபளக்கும் மரத்தளம், இரண்டு பக்கமும் இழுத்துப் போட்ட படிவரிசை இருக்கைகள், தலைக்கு மேல் கூடைப்பந்து வளையம். இசைக்கு இதைவிட மோசமான இடம் வேண்டுமானால் தேடித்தான் பிடிக்க வேண்டும். சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வரும். அந்த எதிரொலியே கேட்டவர்களுக்குப் பிடித்துப்போயிருக்கிறது. பல இடங்களில் பகலில் அவரும் குழுவினரும் மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பார்கள், இரவில் கச்சேரி. முடிந்த பிறகு வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடுவார், எந்த வாயூதி வைத்திருக்கிறாய் என்று விசாரிப்பார். தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே ஒரு மாமேதை வந்தார் என்பதைப் பையன்கள் எப்படி மறப்பார்கள்?

நம்மிலும் இப்படி ஒரு தலைமுறை இருந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை நேரில் கேட்ட பெரியவர்கள் பேசும்போது கண் ஒரு மாதிரி ஆகிவிடும். இசைத்தட்டைப் போட்டுக் காட்டினால், இது என்ன, அன்றைக்கு அந்த வீதியில் கேட்டிருக்க வேண்டும் என்பார்கள். மேனார்டின் ரசிகர்களும் அதே ஜாதிதான்.

விமரிசகர்கள் எல்லாரும் இந்தக் கூட்டத்தோடு சேரவில்லை. சர்க்கஸ் காட்டுகிறார், உயரத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது, காசுக்காக இறங்கிவிட்டார் என்றெல்லாம் சொன்னார்கள். 'ராக்கி' படத்தின் முகப்பு இசையை அவர் வாசித்த தட்டு 1977இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 28ஆம் இடம் வரை போனதும் இந்தக் குரல் கூடிவிட்டது. அவர்கள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் உண்டு. 70களின் கடைசியில் வந்த சில தட்டுகளை என்னால் முழுதாகக் கேட்க முடிவதில்லை. டிஸ்கோ தாளத்தின் மேல் ட்ரம்பெட்டைச் சும்மா தூவிவிட்டது போலிருக்கும்.

மேடைக் கதை வேறு. அங்கே அவர் தானே வாசித்துத் தீர்க்கவில்லை. குழுவில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். தனி வாசிப்பை அவர்களிடம் கொடுத்துவிட்டு, மேடை ஓரமாகப் போய் நின்று, அவர்கள் வாசிப்பதை ரசித்துத் தலையாட்டுவார். இதையும் ரசிகர்கள் தவறாமல் சொல்கிறார்கள். அப்படி அவரிடம் வாசித்துப் போனவர்களைப் பாருங்கள்: ஜோ சாவினுல், வெய்ன் ஷார்ட்டர் இருவரும் 1959 வாக்கில் அவரது குழுவில் இருந்தவர்கள். பின்னால் 'வெதர் ரிப்போர்ட்' என்ற குழுவை அமைத்து ஜாஸின் திசையையே மாற்றினார்கள். அந்தக் குழுவுக்கு 1978இல் டிரம்ஸ் வாசிக்கப் போன பீட்டர் எர்ஸ்கினும் மேனார்டிடம் இருந்தவர்தான்.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கின் நிறைவு விழாவில், சுடரை அணைக்கும் வேளையில், சொந்த ஊர்க்காரராக அவர் தனியாக வாசித்தார். அதைப் பார்த்த உலகத்துக்கு அவர் புதியவர். ரசிகர்களுக்கு அது காலதாமதமாக வந்த மரியாதை.

இனி நமக்குப் பக்கத்தில் நடந்த விஷயம். 60களின் பிற்பகுதியில் அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்து, ஆந்திராவில் மதனப்பள்ளிக்கு அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலி பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தார். புட்டபர்த்தி சாய்பாபாவைக் குருவாக ஏற்றதும், அங்கே பல தடவை வந்துபோனதும் உண்டு. மூச்சைப் பற்றிய அவரது பேச்சில் யோகம் நுழைந்தது இந்த வழியில்தான். தன் வகுப்புகளில் உதட்டைப் பற்றிப் பேசுவதைவிட, அடிவயிற்றிலிருந்து முழு மூச்சை எடுப்பதைப் பற்றியே அதிகம் பேசினார். உதட்டை வாயூதியில் அழுத்தி உயரத்துக்குப் போகலாம் என்று நினைக்கும் எந்த மாணவனுக்கும் இது உடனே உதவும். பிற்காலத்தில் 'மிஸ்ர தேனுகா' என்று ஒரு உருப்படியையும் குழுவோடு பதிவு செய்தார். தேனுகா நம் கர்நாடக இசையின் தாய் ராகங்களான மேளகர்த்தாக்களில் 9ஆவது. தியாகராஜர் 'தெலியலேரு ராம' பாடிய ராகம். சாக்ஸபோன்களுக்கு நடுவே அந்தப் பெயரைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

78 வயதிலும் அவர் நிற்கவில்லை. 2006 ஜூலையில் நியூயார்க்கின் ப்ளூ நோட் கிளப்பில் வாசித்தார், அதையொட்டி ஒரு தட்டுக்குப் பதிவும் செய்தார். ஆகஸ்ட் 23 அன்று கலிபோர்னியாவில் காலமானார். அந்தப் பதிவு மறுவருடம் வெளிவந்தது.

இவரைப் புதிதாகக் கேட்க நினைக்கிறவர்கள் அந்தக் கடைசித் தட்டிலிருந்து தொடங்க வேண்டாம். 'ராக்கி'யிலிருந்தும் வேண்டாம். 1973இல் நியூயார்க்கில் ஜிம்மிஸ் என்ற இடத்தில் நேரடியாகப் பதிவு செய்த இசைத்தட்டு ஒன்று இருக்கிறது, இரட்டைத் தட்டு. அதைக் கேளுங்கள், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம். வணக்கம்.