வாக்குத்தத்த வசனம் நிறைவேறவில்லையே, மறுபடியும் அட்டை எடுக்கலாமா?

அடுத்த கேள்வியைக் காட்பாடியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார்கள். கொஞ்சம் நீளம், சுருக்கி வாசிக்கிறேன்.

"ஐயா, போன புத்தாண்டு ராத்திரி ஆராதனையில் அட்டையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' சந்தோஷமாக ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தேன். மார்ச் மாதம் என் வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டை டேனரியில் வேலை போய்விட்டது. வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு இங்கே வாடகைக்கு வந்துவிட்டோம். எட்டு மாதமாகியும் பாதி மூட்டையை நான் அவிழ்க்கவில்லை. இது எங்கள் வீடு என்று மனசு ஒப்பவில்லை. வசனம் பொய்யா, என் விசுவாசம் குறைச்சலா? இந்த வருஷமும் அட்டை எடுக்கணுமா?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அம்மா. டேனரியில் ஆளைக் குறைத்ததற்கும் உங்கள் விசுவாசத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். யாராவது அப்படிப் போட்டுக் கொடுத்திருந்தாலும் அவிழ்த்துவிடுங்கள்.

இப்போது அட்டைக்கு வருவோம். மணி பன்னிரண்டு அடித்து, திருவிருந்தும் முடிந்து, கேக்கும் டீயும் வாங்கப் போகிற வழியில் ஒரு தாம்பாளத்தில், அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வாக்கு என்று ஆளுக்கொரு வசனம் எடுக்க, வசனம் அச்சடித்த அட்டைகளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு, விரலால் இரண்டு தடவை கிளறி எடுப்போம். எடுத்தது பிடிக்கவில்லை என்றால் யாரும் பார்க்காமல் உள்ளே போட்டுவிட்டு வேறு எடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் அதில் இருப்பதெல்லாம் பொறுக்கி எடுத்த வசனங்கள். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்பதும் இயேசு கொடுத்த வார்த்தைதான். அதை அட்டையில் அச்சடித்து நான் பார்த்ததில்லை.

நான் பிளஸ் டூ படித்த வருஷம் எனக்கு வந்தது உபாகமம் 28:13. "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்." அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். நான் கணக்கில் பெயில். அப்புறம் அந்த வசனத்தை முழுசாக வாசித்தபோதுதான், அதிலேயே கர்த்தருடைய கட்டளைகளுக்குச் செவிகொடுத்து நடந்தால் என்று நிபந்தனை இருப்பது தெரிந்தது. அட்டையில் பாதிதான் இருந்தது. கணக்குப் புத்தகத்தைத் திறக்காததற்கு அந்த வசனத்தைச் சொன்ன மோசேயைக் குறை சொல்லி என்ன செய்வது?

உங்கள் வசனத்துக்கும் முன்னும் பின்னும் நிறைய இருக்கிறது. எரேமியா 29 ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பியது. வீடு, நிலம், தேவாலயம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவர்கள் அவர்கள். உங்கள் வசனத்தின் முன்பாதியில் வருகிற "உங்கள்பேரில்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நம் தமிழ் வேதாகமத்தில் கர்த்தர் ஒரு ஆளிடம் பேசினால் "நீ" என்றுதான் பேசுவார், மரியாதைக்கு "நீங்கள்" போடமாட்டார். ஆகவே அந்த "உங்கள்" ஒரு கூட்டத்துக்குச் சொன்னது. அதற்கு முந்தின வசனம், பத்தாவது வசனம், அட்டையில் வராது: எழுபது வருஷம் நிறைவேறின பின்பு உங்களைச் சந்திப்பேன் என்கிறார். எழுபது வருஷம்! அந்தக் கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்?

இதற்கு முந்தின அதிகாரத்தையும் பாருங்கள். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று தேவாலயத்தில் எல்லார் முன்பாகவும் அடித்துச் சொல்கிறார். பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தையும் பிடுங்கி உடைக்கிறார். நானும் நீங்களும் அங்கே இருந்திருந்தால் யாருக்கு ஆமென் சொல்லியிருப்போம்? நான் அனனியாவுக்குத்தான் சொல்லியிருப்பேன். இன்றைக்கும் டிசம்பர் 31 ராத்திரி "இது உன் வருஷம்" என்று மைக்கில் சொன்னால் கை தன்னால் மேலே போகிறது. அனனியா சொன்னது பொய் என்று வேதமே சொல்கிறது. உங்கள் வசனம் பொய்யில்லை. அது இந்த வருஷத்துக்கான ராசிபலனும் இல்லை, அவ்வளவுதான்.

சரி, அந்த எழுபது வருஷமும் கர்த்தர் என்ன செய்யச் சொன்னார்? நீங்கள் மூட்டையைப் பற்றி எழுதியதால்தான் இந்தக் கேள்வியை எடுத்தேன். ஐந்தாவது வசனம்: "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறார். பிடித்துக்கொண்டு போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணச் சொல்கிறார். பாபிலோனுக்காக! அப்படியென்றால் உங்கள் காட்பாடித் தெருவுக்காகவும், வீட்டு ஓனருக்காகவும் ஜெபிக்கலாம், அவர் தண்ணீர் மோட்டார் போடுகிற நேரம் எப்படியிருந்தாலும். ஓனர் சம்மதித்தால் பின்பக்கம் ஒரு முருங்கைக் கொம்பை நட்டு வையுங்கள். நீங்கள் காலி செய்த பிறகு வேறு யாரோ காய் பறித்தாலும் பரவாயில்லை.

அட்டை எடுக்கலாமா என்றால், எடுங்கள். எடுத்ததும் அன்றைக்கே அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். அட்டையைவிட எனக்குப் பிடித்த ஒரு வழக்கமும் உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1755-ல் லண்டனில் உடன்படிக்கை ஆராதனை என்று ஒன்றை நடத்தினார். பிற்பாடு மெதடிஸ்ட் சபைகளில் அது புத்தாண்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. அதில் யாரும் எதையும் எடுப்பதில்லை, கொடுக்கிறார்கள். உமக்காக வேலை செய்ய வைத்தாலும் சரி, உமக்காக ஒதுக்கி வைத்தாலும் சரி, நிறைவாக வைத்தாலும் வெறுமையாக வைத்தாலும் நான் உம்முடையவன் என்கிற மாதிரி ஒரு ஜெபம். வேலை போன வீட்டில் இதைச் சொல்வது லேசில்லை. உங்கள் வீட்டுக்காரரை வற்புறுத்தாதீர்கள். அவருக்கு இந்த வருஷம் எப்படிப் போனது என்று ஒருநாள் சும்மா உட்கார்ந்து கேளுங்கள், அது போதும்.

31-ஆம் தேதிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு மூட்டையையாவது பிரித்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் ஸ்டார் அதற்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் எடுத்து வாசலில் மாட்டுங்கள். பண்டிகைதான் முடிந்துவிட்டதே என்று பார்க்க வேண்டாம், நம் பக்கத்தில் பொங்கல் வரைக்கும் ஸ்டார் தொங்குகிற வீடு எத்தனையோ இருக்கிறது.

அடுத்த கேள்வி, வாலாஜாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.