புற்றுநோயைப் பட்டினி போட முடியுமா? ஒரு ஸ்கேன் படமும் ஒரு கணையப் புற்றுநோய் ஆய்வும்

வணக்கம். திரையில் நீங்கள் பார்ப்பது ஒரு பெட் ஸ்கேன் படம். மங்கலான உடலுருவத்துக்குள் சில இடங்கள் மட்டும் பளிச்சென்று தெரிகின்றன. "சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் செத்துவிடும்" என்று உறுதி கூறும் வீடியோக்களில் பெரும்பாலும் இத்தகைய படம்தான் சாட்சியாக நிறுத்தப்படுகிறது. சாட்சி பொய் சொல்லவில்லை. ஆனால் அதை அழைத்து வந்தவர்கள் முழுவதுமாகப் பேசவிடவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

உணவால் புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்ற கூற்றின் பின்னணியை வேகமாகக் கடந்துவிடுவோம். ஜெர்மனியில் பிறந்த மருத்துவர் மாக்ஸ் கெர்சன், ஒற்றைத் தலைவலிக்கும் தோல் காசநோய்க்கும் வகுத்த உணவுமுறையைப் பின்னர் புற்றுநோய்க்கும் விரிவுபடுத்தி, நாள் முழுவதும் பழ, காய்ச் சாறுகளையும் கூடவே காபி எனிமாவையும் பரிந்துரைத்தார். 1946இல் அமெரிக்க செனட் துணைக்குழுவின் முன்பும் தம் சிகிச்சையை எடுத்துரைத்தார். ஜெர்மனியின் ஜோஹன்னா புட்விக் ஆளிவிதை எண்ணெயை முன்வைத்தார். ஆஸ்திரியாவின் ருடால்ஃப் ப்ராய்ஸ் 42 நாள் சாறு விரதத்தை முன்வைத்தார். உடலைக் காரத்தன்மைக்கு மாற்றச் சொல்லும் உணவுமுறைக்கு ஒரே வாக்கியம் போதும்: இரத்தத்தின் பிஎச் எனும் அமில-கார அளவை நுரையீரலும் சிறுநீரகமும் 7.35க்கும் 7.45க்கும் இடையில் காத்துவருகின்றன, உணவால் எளிதில் மாறுவது சிறுநீரின் பிஎச் மட்டுமே, ஆகவே சோதனைப் பட்டையில் நிறம் மாறுவதைக் கண்டு மகிழ்பவர்கள் உண்மையில் தங்கள் சிறுநீரகத்தைத்தான் பாராட்ட வேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

1920களில் ஓட்டோ வார்புர்க் என்னும் ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் ஒரு விந்தையைக் கவனித்தார். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும்போதும் புற்றுத் திசுக்கள் குளுக்கோஸை முழுமையாக எரிக்காமல், பெருமளவில் உள்ளிழுத்து லாக்டிக் அமிலமாக மாற்றி வெளியே தள்ளின. இந்தக் கண்டுபிடிப்பு இன்றும் நிலைத்து நிற்கிறது. ஆனால் "புற்றுநோயின் காரணத்தைக் கண்டுபிடித்ததற்காக வார்புர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது" என்று பரவும் செய்தி தவறானது. 1931ஆம் ஆண்டின் பரிசு, செல்களின் சுவாசத்தில் பங்குகொள்ளும் நொதியைப் பற்றிய ஆய்வுக்காக வழங்கப்பட்டது. மேலும், செல்லின் சுவாச அமைப்பு பழுதடைவதுதான் புற்றுநோயின் மூலகாரணம் என்று அவர் கொண்டிருந்த கருத்தும் நிலைக்கவில்லை. பெரும்பாலான புற்றுகளில், செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

பெட் ஸ்கேன் இந்தக் குளுக்கோஸ் பசியைத்தான் பயன்படுத்துகிறது. குளுக்கோஸைப் போன்ற ஒரு மூலக்கூற்றில் கதிரியக்க ஃபுளோரினைப் பொருத்தி இரத்தக்குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள். செல் அதைக் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே எடுத்துக்கொள்கிறது. ஆனால் மேற்கொண்டு உடைக்க முடியாததால் அது அங்கேயே சிக்கிக்கொள்கிறது. எந்தச் செல் அதிகமாக எடுத்துக்கொண்டதோ அது படத்தில் அதிகமாக ஒளிர்கிறது. இப்போது படத்தின் மேற்பகுதியைப் பாருங்கள். கட்டியைப் போலவே, பல நேரங்களில் கட்டியை விடவும் பிரகாசமாக ஒளிரும் உறுப்பு ஒன்று அங்கே இருக்கிறது. அது மூளை.

உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது, அதன் முதன்மை எரிபொருள் குளுக்கோஸ். ஆகவே குளுக்கோஸின் மேல் பசி இருப்பதே குற்றம் என்றால், முதல் குற்றவாளி இந்த வீடியோவைப் புரிந்துகொள்ள நீங்கள் பயன்படுத்தும் உறுப்புதான். இதன் காரணமாகவே உடல் இரத்தச் சர்க்கரையைத் தரைமட்டத்துக்கு இறங்க விடுவதில்லை. நீங்கள் சர்க்கரையை மட்டுமன்றி மாவுச்சத்தையும் முற்றிலும் கைவிட்டாலும், கல்லீரல் முதலில் சேமிப்பை வெளியிடுகிறது. அது தீர்ந்தபின், தசைப் புரதத்தை உடைத்துக் கிடைக்கும் அமினோ அமிலங்கள் முதலியவற்றிலிருந்து புதிய குளுக்கோஸைத் தயாரிக்கிறது. கட்டி அந்தக் குளுக்கோஸையும் எடுத்துக்கொள்ளும். போதாவிட்டால் குளுட்டமின் என்னும் அமினோ அமிலத்தையும் கொழுப்பு அமிலங்களையும் பயன்படுத்தும் வழிகள் பல புற்றுகளிடம் உண்டு. கட்டியைப் பட்டினி போடும் முயற்சியில் முதலில் மெலிவது நோயாளியின் தசை என்பதைத்தான் அந்த வீடியோக்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

"கோட்பாட்டை விடுங்கள், நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சோதித்திருக்கிறார்கள்.

நியூயார்க் மருத்துவர் நிக்கோலஸ் கொன்சாலெஸ், கணைய நொதி மாத்திரைகள், ஏராளமான ஊட்டச்சத்து மாத்திரைகள், தனி உணவுத்திட்டம், காபி எனிமா ஆகியவை சேர்ந்த ஒரு முறையைக் கணையப் புற்றுநோயாளிகளுக்கு அளித்துவந்தார். 1999இல் அவர் வெளியிட்ட 11 நோயாளிகளின் முடிவுகள் வியப்பூட்டின. அந்தக் கொடிய நோயில் வழக்கமாகக் காணப்படுவதை விடப் பலர் நீண்ட நாள் வாழ்ந்திருந்தனர். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் இதைப் புறந்தள்ளாமல், நிதி கொடுத்துக் கீமோதெரபியுடன் நேருக்கு நேர் ஒப்பிடச் செய்தது. மாற்று மருத்துவத்தை யாரும் ஆராய்வதே இல்லை என்று புகார் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சீட்டுக் குலுக்குவது போல நோயாளிகளைப் பிரிப்பதுதான் முதலில் போட்ட திட்டம். அதற்கு உடன்படுவோர் போதிய அளவில் கிடைக்காததால், எந்தச் சிகிச்சை வேண்டும் என்பதை நோயாளிகளே தேர்ந்தெடுக்கலாம் என்று திட்டம் மாற்றப்பட்டது. 32 பேர் நொதி முறையையும் 23 பேர் கீமோதெரபியையும் தேர்ந்தெடுத்தனர். கீமோதெரபிக் குழுவில் பாதிப் பேர் 14 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தனர்; நொதிக் குழுவில் பாதிப் பேர் 4.3 மாதங்களுக்குள் இறந்தனர். பக்கவிளைவுகளுக்குப் பெயர்போன கீமோதெரபியைப் பெற்றவர்களின் வாழ்க்கைத்தரமும் மேலாகவே இருந்தது என்பதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி.

கொன்சாலெஸ் இம்முடிவை ஏற்கவில்லை. தம் குழுவில் சேர்ந்த பலர் உணவுத்திட்டத்தைக் கடைப்பிடிக்க இயலாத அளவுக்கு நோயுற்றிருந்தனர் என்று வாதிட்டார். நோயாளிகளே தேர்ந்தெடுத்த ஆய்வில் இரு குழுக்களும் முற்றிலும் சமமாக இருந்தன என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அவருடைய வாதம் அவரையே திருப்பித் தாக்குகிறது. உண்ணவும் விழுங்கவும் தெம்புள்ளவர்களால் மட்டுமே பின்பற்றக்கூடிய சிகிச்சையில், பின்பற்றியவர்களை மட்டும் எண்ணினால், எந்த உணவுமுறையும் அற்புதமாகத்தான் தோன்றும்.

இதையொட்டி 2018இல் வெளிவந்த இன்னோர் ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் புற்றுநோய்த் தரவுத்தளத்தில், பரவாத நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டுமே நாடிய 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்ற 560 பேருடன் ஒப்பிட்டபோது, முதல் குழுவில் இறப்பு அபாயம் 2.5 மடங்காக இருந்தது. இது உணவு முறைகளை மட்டும் பற்றியதன்று, எல்லா மாற்று முறைகளும் அதில் அடக்கம்.

அப்படியானால் உணவுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, அதனால்தான் இந்த விவாதம் ஓய்வதில்லை. மதுவும் பதப்படுத்திய இறைச்சியும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. ஆனால் நோய் வராமல் தடுக்க உதவுவது, வந்த நோயையும் விரட்டும் என்று எண்ணுவது வேறு கணக்கு. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 3,088 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், காய், பழம், நார்ச்சத்து ஆகியவற்றை மிகுதியாக்கிக் கொழுப்பைக் குறைத்தும், சராசரியாக 7.3 ஆண்டுகளில் நோய் திரும்புவது குறையவில்லை. கொழுப்பைக் குறைத்த இன்னோர் ஆய்வில் ஓரளவு பயன் தெரிந்தது. அதில் பெண்களின் எடையும் குறைந்திருந்தது என்பதால், பயன் எதனால் வந்தது என்ற கேள்வி எஞ்சியது. 2018இல் எலிகளிடம் செய்த சோதனையில், மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பை மிகுதியாக்கும் கீட்டோ உணவு இன்சுலினைக் கட்டுப்படுத்தி ஒரு குறிப்பிட்ட வகைப் புற்றுநோய் மருந்தின் ஆற்றலைக் கூட்டியது. அதே உணவு, மருந்தில்லாமல் தனியாகக் கொடுக்கப்பட்டபோது, ஒருவகை இரத்தப் புற்றுநோயை வேகப்படுத்தியது. "கீட்டோ நல்லதா, கெட்டதா?" என்று கருத்துப் பகுதியில் கேட்கவிருப்பவர்களுக்கு, எந்தப் புற்றுநோய், எந்த மருந்து என்று திருப்பிக் கேட்பதுதான் என் பதில்.

மருத்துவத் தரப்பையும் நான் விட்டுவிடப் போவதில்லை. சிகிச்சையின் எல்லா முடிவுகளும் பிறர் கையில் இருக்கும்போது, தட்டில் என்ன வைப்பது என்பது மட்டுமே நோயாளியின் கையில் இருக்கிறது. அவர் அதைப் பற்றிக் கேட்கும்போது "எதை வேண்டுமானாலும் சாப்பிடுங்கள்" என்று ஒற்றை வரியில் அனுப்பிவிட்டால், விரிவாகப் பேசத் தயாராக இருக்கும் வேறொருவரிடம் அவர் போய்ச் சேருவதில் வியப்பில்லை. இத்தனைக்கும் விரிவான பதில் இருக்கிறது. ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல், நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 25 முதல் 30 கிலோகலோரி ஆற்றலும், குறைந்தது 1 கிராம், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதமும் தேவை என்கிறது. ஊட்டக்குறைவு அபாயம் உள்ளவர்கள் ஆற்றலைக் குறைக்கும் உணவுமுறைகளைக் கைக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்கிறது. ஆகவே சிகிச்சையில் உள்ள யாருக்காவது இந்த வீடியோவை அனுப்புகிறீர்கள் என்றால், வாரந்தோறும் எடையைக் குறித்துவரச் சொல்லுங்கள். காரணமின்றிக் குறைந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் மருத்துவருக்குத் தெரிவித்து, மருத்துவமனையின் உணவியல் நிபுணரைச் சந்திக்கக் கேட்கச் சொல்லுங்கள். ஊட்டச்சத்து மாத்திரை, சாறு, மூலிகை என்று எதை எடுத்துக்கொண்டாலும் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் கிரேப்ஃப்ரூட் பழச்சாறு போன்ற சாதாரணமான ஒன்றே சில புற்றுநோய் மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் ஆபத்தான உயரத்துக்குக் கொண்டுபோய்விடும்.