கம்ஃபர்டபிள்: இதில் டேபிள் கிடையாது

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு சொல்தான்: கம்ஃபர்டபிள். தினமும் சொல்கிறோம், ஆனால் நிறைய பேர் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல 'கம்-ஃபோர்ட்-டே-பிள்' என்கிறோம். கடைசியில் டேபிள் என்றே எழுதியிருப்பதால் வாய் தானாக அங்கே போய்விடுகிறது.

பேச்சில் அது பெரும்பாலும் மூன்றே அசை. பிரிட்டனில் பலர் 'கம்ஃப்-ட-பிள்' என்பார்கள், ரகரமே கேட்காது. அமெரிக்கர்கள் 'கம்ஃப்-டர்-பிள்' என்பார்கள். எழுத்தில் டகரத்துக்கு முன்னால் நிற்கும் ரகரம் அவர்கள் பேச்சில் பின்னால் நகர்ந்துவிடுகிறது. இரண்டுமே சரி, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி ஆகிறது? ஆங்கிலத்தில் ஓர் அசை அழுத்தம் வாங்கினால், பக்கத்து அசைகளில் உள்ள உயிரொலி தேய்ந்துபோகும். இங்கே அழுத்தம் முழுக்க 'கம்' மேல். தேய்ந்த அந்த ஒலிக்கு ஷ்வா என்று பெயர். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலியே அதுதான்.

உயிரொலியைத் தேய்ப்பது தமிழ் நாக்குக்கு வராது என்று மட்டும் நினைக்காதீர்கள். 'பசு' என்று சொல்லிப் பாருங்கள், உதடு குவியும். இப்போது 'காசு'. அவ்வளவாகக் குவியாது, உகரம் பாதியிலேயே நின்றுவிடும். இலக்கணத்தில் படித்த குற்றியலுகரம்தான், ஒரு மாத்திரை அரை மாத்திரையாகக் குறைவது. ஷ்வாவும் இதுவும் ஒரே ஒலி என்று சொல்லவில்லை. ஆனால் உயிரைக் குறைத்துச் சொல்லும் பழக்கம் நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. எனக்கு இது பெரிய நம்பிக்கை தருகிறது.

சரி, பயிற்சி. கடைசியிலிருந்து தொடங்குங்கள். 'பிள்'. அப்புறம் 'டபிள்', மெதுவாக, டகரத்தை நீட்டாமல். இப்போது மேல்பல் கீழுதட்டைத் தொட 'கம்ஃப்' என்று ஓங்கிச் சொல்லி, மீதியை அதோடு ஓடவிடுங்கள்: கம்ஃப்டபிள். 'கம்' வரும்போது மேசையில் ஒரு தட்டு தட்டுங்கள், மற்ற அசைகளுக்குத் தட்டவே கூடாது.

அகராதியில் உச்சரிப்புக் குறியையும் பாருங்கள். மேலே சின்னதாக ஒரு செங்குத்துக் கோடு இருக்கும். அதற்கு அடுத்து வரும் அசைக்குத்தான் அழுத்தம். தலைகீழான ஆங்கில 'e' எழுத்து தெரிந்தால் அது ஷ்வா.

இதே வழியில் 'வெஜிடபிள்' என்பதையும் சொல்லிப் பாருங்கள். வெஜ்-ட-பிள். அதிலும் டேபிள் கிடையாது.