உண்ட வீடும் இரண்டகமும்

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, என்னை அன்போடு அழைத்த விழாக் குழுச் செயலாளர் அவர்களே, இடமின்றிப் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

திமிங்கிலத்தையும் நாடாப்புழுவையும் உருவம், உணவு, இனப்பெருக்கம் என்னும் மூன்று நிலைகளில் ஒப்பிடுவதாகச் சொல்லியிருந்தேன். வளர்ந்த ஆண் ஸ்பெர்ம் திமிங்கிலம் ஏறத்தாழ 16 மீட்டர் நீளமுள்ளது. அதன் குடலில் வாழும் நாடாப்புழு ஒன்றோ 30 மீட்டர் வரை நீள்வதாகப் பதிவாகியுள்ளது. வீட்டைவிட விருந்தாளி நீளம்! உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே என்பார்கள். இந்த விருந்தாளிக்கு அது தெரியாது.

நான் மாணவனாக இருந்தபோது, எங்கள் விலங்கியல் ஆசிரியர் கண்ணாடிச் சாடியிலிருந்து ஒரு நாடாப்புழுவை எடுத்து ஈர மேசைமேல் நீட்டி வைத்தார். மேசை முடிந்தது, புழு முடியவில்லை. அடுத்த மேசையை இழுத்துச் சேர்த்தோம். “இதன் வாயைக் கண்டுபிடியுங்கள்” என்றார் ஆசிரியர். உருப்பெருக்கியோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நால்வர் குனிந்து தேடினோம். குண்டூசி முனையளவுத் தலையில் நான்கு உறிஞ்சிகள் தெரிந்ததும், அவைதாம் வாய் என்று கூவினோம். அவை குடற்சுவரைப் பற்றிக்கொள்ள மட்டுமே என்றார். மணி அடித்தபின்தான், இதற்கு வாயுமில்லை, குடலுமில்லை, பிறர் செரித்து வைத்ததை உடல் முழுதாலும் உறிஞ்சுகிறது என்று சொன்னார். அன்று அவர் வாயிலிருந்துதான் உண்ட வீட்டுப் பழமொழியை முதலில் கேட்டேன்.

திமிங்கிலம் அப்படிப்பட்டதன்று. ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கிக் கணவாய்களை உண்டு, மேலே வந்து அது கழிக்கும் கழிவிலுள்ள இரும்புச்சத்து கடலின் மிதவைத் தாவரங்களுக்கு உரமாகிறது. தன்னை ஊட்டிய கடலுக்கு அது ஊட்டுகிறது.

இனப்பெருக்கத்தை விரிக்க நேரமில்லை. ஆயினும் நாடாப்புழுவின் முட்டையைப் பற்றிச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க என் மனம் ஒப்பவில்லை. சரியாக வேகாத பன்றி இறைச்சி வழியே மனிதக் குடலுக்குள் வரும் பன்றி நாடாப்புழுவைச் சுமக்கும் ஒருவர் கழிப்பறையிலிருந்து கை கழுவாமல் வந்து உணவு பரிமாறினால், அவர் கையில் ஒட்டிய புழுமுட்டை உண்பவரின் வயிற்றுக்குள் போய், இளம்புழுவாகி, மூளையில் கட்டியாகத் தங்கி, வலிப்பை உண்டாக்கலாம். நன்கு வெந்த இறைச்சியை மட்டுமே உண்பவருக்கும், இறைச்சியே உண்ணாதவருக்கும் இது வரலாம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இங்கே ஒரு குழந்தையின் வலிப்பு, ஐயா! ஆகவே, முதல்வர் அவர்களையும் குழுவினரையும் கைகூப்பிக் கேட்கிறேன்: ஒவ்வொரு பள்ளிக் கழிப்பறை வாசலிலும் ஒரு குழாயும் ஒரு சோப்பும் எந்நாளும் இருக்க வேண்டும் என்று இந்த அவையிலேயே தீர்மானம் நிறைவேற்றித் தாருங்கள்.