எண்ணிக்கை அன்று, விதி

நடுவர் அவர்களே, வெள்ளவத்தையில் இம்மாலை கூடியிருக்கும் அவையோரே, வணக்கம். அண்டை நாடுகள் ஒப்பந்தத்தின் வழியே பொதுவான குடிவரவுக் கொள்கையை வகுக்க வேண்டும் என்பதே எமது அணியின் வாதம்.

எதிரணித் தலைவர், இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைக் காட்டி, ஒப்பந்தம் என்றாலே மக்களைப் பங்குபோடுவதுதான் என்றார். அந்த வேதனையை நான் மறுக்கவில்லை. இலங்கையின் தோட்டங்களில் வாழ்ந்து, நாடற்றோராக இருந்த 975,000 இந்திய வம்சாவளி மலையகத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எழுதி, எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தாய்க்கு ஒரு நாடு, மகனுக்கு ஒரு நாடு என்றாகி, இந்தியாவுக்குக் கப்பலேறும் தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே அழைத்தார்கள். ஆனால், அம்மக்களைக் கலந்தாலோசிக்காமல் எண்ணிக்கையை முதலில் எழுதிவிட்டு ஆட்களைப் பின்னர் தேடிய அந்த ஏற்பாட்டைக் குடிவரவுக் கொள்கை என்று எப்படிச் சொல்வது?

பொதுக் கொள்கைக்கு ஐரோப்பாவைப் பாருங்கள். தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கும் ஒப்பந்தத்தில் 1985இல் லக்சம்பேர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூரில் கையொப்பமிட்ட ஐந்து நாடுகள், அச்சோதனையை நீக்க 1995 வரை காத்திருந்தன. பொது விசா, வெளியெல்லைக் காவல், புகலிட மனுவை விசாரிக்க வேண்டிய நாடு எது என்பவற்றுக்கெல்லாம் இடைப்பட்ட காலத்தில் விதி எழுதினார்கள். 1990இன் டப்ளின் உடன்படிக்கை, முதலில் கால் வைத்த நாட்டின்மீதே பாரத்தை ஏற்றியதால் பிற்காலத்தில் கிரேக்கமும் இத்தாலியும் திணறின என்பது உண்மை. ஆயினும் விதி எழுத்தில் இருந்ததால்தான் திருத்தம் கேட்க முடிந்தது. 2024இல் பாரத்தைப் பகிரும் புதிய சட்டங்களும் வந்தன.

நம்மிடம் இருப்பது என்ன? தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1992இல் தொடங்கிய விசா விலக்கு, நீதிபதிகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் போன்ற குறிப்பிட்ட வகையினருக்கு மட்டுமே உரியது. அகதிக்கு அதில் இடமில்லை. 1951இன் அகதிகள் சாசனத்தில் இலங்கையும் இல்லை, இந்தியாவும் இல்லை.

தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். கையில் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் உண்டு, இந்தியக் குடியுரிமை இல்லை. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பதியப்படும்வரை இலங்கையர் என்பதற்கும் சான்று இல்லை. ஊர் திரும்ப ஒரு நாட்டின் பயண ஆவணமும் மறு நாட்டின் வெளியேறும் அனுமதியும் வேண்டும்.

இறைமை பறிபோகும் என்கிறார்கள். அந்தப் பிள்ளையை இன்ன காலத்துக்குள் பதிய வேண்டும், குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்ற மூன்று விதிகளில் எது இறைமையைப் பறிக்கும் என்பதை, அடுத்துப் பேச வரும் எதிரணி அன்பர் இந்த அவைக்கு விளக்கட்டும்.