ராட்சச பாம்பை விக்கிறவர் உங்ககிட்ட சொல்லாம விடுறது என்ன?

(ஸ்க்ரீன்ல: முட்டையைக் கிழிச்சுக்கிட்டு தலையை நீட்டுற பர்மீஸ் பைத்தான் குட்டி)

இந்தக் குட்டியை நல்லா பாத்துக்கோங்க மக்களே. இப்ப அரை மீட்டர் நீளம் தான் இருக்கும், விரலைச் சுத்திக்கிட்டு நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும், பாக்குறவங்க எல்லாருக்கும் ஆசையா இருக்கும். நல்லா தீனி போட்டா ஒரே வருஷத்துல 2 மீட்டரைத் தாண்டலாம். அப்புறம் 4, 5 மீட்டர்னு போகும், எடையில பல பேர் வீட்டுல இருக்கிற பெரியவங்களையே தாண்டிரும், 20 வருஷத்துக்கு மேல உயிரோட இருக்கும். இதுல எத்தனை விஷயத்தை வித்தவர் வாயைத் திறந்து சொல்லியிருப்பாரு? இன்னைக்கு வீடியோ அதைப் பத்தி தான். ஸ்கிப் பண்ணாம பாருங்க, ஏன்னா நடுவுல இந்தப் பாம்போட இதயத்தைப் பத்தி ஒரு விஷயம் வருது, அதை மட்டும் யாரும் மிஸ் பண்ணக் கூடாது.

பேக்ரவுண்டை சட்டுனு முடிச்சிடுறேன். ராட்சச பாம்புன்னு சொன்னா பர்மீஸ் பைத்தான், ரெட்டிக்குலேட்டட் பைத்தான், ஆப்பிரிக்க ராக் பைத்தான், பச்சை அனகோண்டா, இந்த மாதிரி ஆளுங்க. ஒண்ணுக்கும் விஷம் கிடையாது, எல்லாமே இறுக்கிக் கொல்ற வகை. அவ்வளவு தான்.

இப்ப சைஸுக்கு வருவோம். அமெரிக்கால கேன்சஸ் சிட்டியில மெடூசான்னு ஒரு ரெட்டிக்குலேட்டட் பைத்தான், 2011-ல அளந்தப்ப 7.67 மீட்டர் நீளம், 158.8 கிலோ எடை. மனுஷங்க வளத்த பாம்புகள்லயே நீளமானதுன்னு கின்னஸ்ல ஏறுச்சு. இன்னொரு பக்கம் இல்லினாய்ஸ்ல பேபின்னு ஒரு பர்மீஸ் பைத்தான் இருந்துச்சு, 182 கிலோவுக்கும் மேல எடை, நீளம் 8.23 மீட்டர்னு ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தாங்க, செத்ததுக்கு அப்புறம் டேப்பை வெச்சு அளந்தா 5.74 மீட்டர்! ரெண்டரை மீட்டர் பாம்பு எங்க போச்சு? அது பேச்சுலயே வளந்த பாம்பு. காட்சிக்கு வெச்சிருக்கவங்க நீளத்தைக் கூட்டிச் சொல்றாங்க, விக்கிறவங்க அதே நீளத்தைக் குறைச்சுச் சொல்றாங்க. "இது ரொம்ப பெருசாகாது", "கூண்டு சின்னதா இருந்தா பாம்பும் சின்னதாவே நின்னுரும்", இதெல்லாம் பல வருஷமா ஓடிக்கிட்டு இருக்கிற பொய். கூண்டு சின்னதா இருந்தா பாம்பு வளராம நிக்காது, அவஸ்தை தான் படும். ரெட்டிக்குலேட்டட் பைத்தான்ல குள்ள வகை உண்மையிலேயே இருக்கு, இந்தோனேசியால ஜம்பேயா மாதிரி சில தீவுகள்ல இருந்து வந்த வம்சம், ஆனா அதைப் பெரிய வகையோட கலந்து, கலந்து, கடைசியில குட்டிக்கு "ட்வார்ஃப்"னு மட்டும் லேபிள் ஒட்டி விக்கிறாங்க. அப்பா அம்மா என்ன சைஸுன்னு காட்ட முடியாத ஆள்கிட்ட அந்த லேபிளை நம்பி வாங்காதீங்க, இது என் அபிப்பிராயம், இதுல நான் ரொம்ப கறாரா இருக்கேன்.

சரி, இதயம்.

(ஸ்க்ரீன்ல: முயலை முழுங்கி முடிச்சு, தாடையை ஒரு பக்கமா கோணிச்சு சரி பண்ணிக்கிற பாம்பு)

ஒரு பர்மீஸ் பைத்தான் பெரிய இரையை முழுங்கினா ரெண்டே நாள்ல அதோட இதயத் தசை கிட்டத்தட்ட 40 சதவீதம் பெருசாகுது. ரெண்டு நாள் மக்களே! 2005-ல இது நேச்சர் இதழ்ல ஆராய்ச்சிக் கட்டுரையா வந்துச்சு. இதயம் மட்டும் இல்ல, கல்லீரல், கிட்னி, குடல் எல்லாம் சேர்ந்து வளருது, உடம்போட எனர்ஜி செலவு சும்மா கிடக்கும் போது இருக்கிறதை விட பல மடங்கு எகிறுது, செரிச்சு முடிஞ்சதும் எல்லாம் பழைய சைஸுக்கே சுருங்கிடுது. ஏன் இப்படின்னா, காட்டுல இதுக்கு அடுத்த சாப்பாடு எப்ப கிடைக்கும்னே தெரியாது, மாசக்கணக்குல பட்டினி கிடக்கும், அந்த நேரத்துல பெரிய குடலையும் பெரிய இதயத்தையும் வெச்சுக்கிட்டு அதுக்கு தீனி போட முடியுமா? அதனால அடுப்பை அணைச்சு வெச்சிட்டு விருந்து வந்தா மட்டும் பத்த வைக்கிற வீடு மாதிரி உடம்பை வெச்சிருக்கு. ஸ்டீஃபன் சீக்கர்ங்கிற விஞ்ஞானி இந்த ஒரு விஷயத்துலயே பல வருஷம் வேலை பாத்திருக்காரு. 2011-ல இன்னொரு குழு, சாப்பிட்ட பைத்தானோட ரத்தத்துல இருக்கிற மூணு கொழுப்பு அமிலத்தைக் கண்டுபிடிச்சு, அதே கலவையை எலிக்கு ஏத்தினாங்க, எலியோட இதயமும் ஆரோக்கியமா வளந்துச்சு! மனுஷனோட இதய நோய்க்கு இதுல இருந்து ஏதாவது கிடைக்குமான்னு இப்பவும் தேடிக்கிட்டு இருக்காங்க. எனக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது.

இதுக்கும் வளர்க்கிறதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, இங்க தான் மேட்டரே இருக்கு. இவ்வளவு வேலையும் நடக்கணும்னா வெளிய இருந்து சூடு வேணும், பாம்பு நம்மள மாதிரி தன்னைத் தானே சூடாக்கிக்காது. (பர்மீஸ் மாதிரி சில பைத்தான் இனத்துல தாய் மட்டும் முட்டையைச் சுத்திப் படுத்து உடம்பைத் துடிக்க வெச்சு சூடு உண்டாக்கும், அது தனிக் கதை, அதுக்கு ஒரு வீடியோ போடணும்.) கூண்டுல ஒரு பக்கம் 32 டிகிரி கிட்ட, இன்னொரு பக்கம் 26 கிட்ட இருக்கணும், எது வேணுமோ அதைப் பாம்பே தேர்ந்தெடுத்துக்கும். முழுங்கின அன்னைக்கு ராத்திரி ஹீட்டர் நின்னு போச்சுன்னு வைங்க, உள்ள போன முயல் செரிக்காம வயித்துக்குள்ளயே அழுக ஆரம்பிக்கும், அப்புறம் அரைகுறையா கரைஞ்சு, முடி உரிஞ்சு, நாத்தத்தோட அப்படியே வெளிய வரும். அதோட வயித்துல இருந்த அமிலமும் போயிடும், பாம்பு தேறி வரவே நாளாகும். அதனால சூட்டைத் தானா கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட், தனியா ஒரு தெர்மாமீட்டர், கரண்ட் போனா என்ன பண்ணுவோம்னு ஒரு பிளான், இந்த மூணும் இல்லாம பெரிய பாம்பு வாங்கக் கூடாது. சூடு கல்லுன்னு ஒண்ணு விக்கிறாங்க, அதை வாங்காதீங்க, வயிறு வெந்து போற வரைக்கும் பாம்பு அது மேலயே படுத்துக் கிடந்த கேஸ் நிறைய. சாப்பிட்ட ரெண்டு மூணு நாளைக்கு கையில எடுக்கிறதும் வேண்டாம். ரீல்ஸுக்கு வெயிட் பண்ணலாம், ஒண்ணும் ஆகாது.

அடுத்து, கடி. பாம்புக்கு உங்க மேல கோவம் எல்லாம் கிடையாது, பல கடி சாப்பாட்டுக் குழப்பத்துல நடக்குறது தான். முயலைத் தொட்ட கையைக் கழுவாம உள்ள விட்டீங்கன்னா அதுக்கு வாசனையும் முயல், சூட்டை உணர்ற உதட்டுக் குழியில தெரியுற கைச் சூடும் முயல். தலை லேசா பின்னாடி போய் கழுத்து எஸ் மாதிரி வளையும், நாக்கு நிதானமா வரும், கண்ணு உங்க கையை விட்டு அசையாது. அந்த நேரத்துல கையை நீட்டவே கூடாது. அதுக்குத் தான் பழகினவங்க முதல்ல ஹூக்குங்கிற கொக்கிக் கம்பியால உடம்பை லேசா தட்டுவாங்க, "இப்ப சாப்பாடு இல்ல"ன்னு அதுக்குப் புரியுற மாதிரி. இரையை எப்பவும் செத்ததா, உறைய வெச்சு சூடு பண்ணினதா, நீளமான இடுக்கியில தான் குடுக்கணும். உயிரோட எலியை விட்டா எலி பாம்பைக் கடிச்சுப் புண்ணாக்கிடும்.

இன்னொண்ணு, இது இறுக்குனா மூச்சு முட்டித் தான் சாகும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. 2015-ல போவா பாம்பை வெச்சு அளந்து பாத்திருக்காங்க, இறுக்கின சில நொடியிலேயே எலியோட ரத்த அழுத்தம் பாதியாகிடுது, ரத்த ஓட்டமே நிக்குது. அப்படின்னா "சமாளிச்சுக்கலாம்"னு யோசிக்க உங்களுக்கு நேரமே இருக்காது. அதனால 2.5, 3 மீட்டருக்கு மேல உள்ள பாம்பைத் தனியாளா தொடவே கூடாது, இன்னொருத்தர் அதே ரூம்ல, கை எட்டுற தூரத்துல இருக்கணும், போன்ல லைன்ல இருந்தா கணக்கு இல்ல. சுத்திக்கிச்சுன்னா வால்ல இருந்து பிரிக்கணும், பல்லு உள்பக்கமா வளைஞ்சிருக்கும், அதனால தலையைப் பிடிச்சு இழுத்தா உங்க சதை தான் கிழியும்.

கூண்டுக்குப் பூட்டு. பூட்டுன்னா பூட்டு, கிளிப் இல்ல. பெரிய பைத்தான் ராத்திரியெல்லாம் மூக்கை வெச்சு கண்ணாடிக் கதவோட ஓரத்தை அழுத்திக்கிட்டே போகும், எங்க கொஞ்சம் அசையுதோ அங்கயே திரும்பத் திரும்ப வரும், மூக்குல தோல் உரிஞ்சாலும் விடாது. 2013-ல கனடால கேம்பெல்ட்டன்ங்கிற ஊர்ல ஒரு ஆப்பிரிக்க ராக் பைத்தான் காத்து போற குழாய் வழியா தப்பிச்சு, தூங்கிக்கிட்டு இருந்த ரெண்டு சின்னப் பசங்களைக் கொன்னுடுச்சு. இதைச் சொல்றப்ப மனசு கனக்குது, ஆனா சொல்லாம இருக்க முடியல. கூண்டு, அந்த ரூமோட கதவு, கதவுக்குக் கீழ இருக்கிற இடைவெளி, வென்ட், எல்லாத்தையும் பாம்போட கண்ணால பாக்கணும். குழந்தைங்க இருக்கிற வீட்டுல இது வேண்டவே வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன். கூண்டு சைஸ் பத்தி வளர்க்கிறவங்களுக்குள்ளயே சண்டை ஓடுது, என்னைக் கேட்டா பாம்பு உடம்பை நேரா நீட்டிப் படுக்கணும், அதுக்கு இடம் இல்லைன்னா அந்த வீட்டுல அந்தப் பாம்புக்கு இடம் இல்ல. கையைக் கழுவுங்க, ஊர்வன மேல சால்மோனெல்லாங்கிற நோய்க்கிருமி இருக்கு.

வளர்க்க முடியாம வெளிய விட்டா என்ன ஆகும்? ஃப்ளோரிடா தான் பதில். 1992-ல ஆண்ட்ரூ புயல்ல ஒரு பாம்பு வளர்ப்பு இடம் நொறுங்குச்சு, அதோட வீட்டுக்காரங்க விட்டதும் சேர்ந்து, எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துல பர்மீஸ் பைத்தான் குடியேறிடுச்சு. 2012-ல வந்த ஆய்வுல ரக்கூன் கண்ணுல படுறது 99.3 சதவீதம் குறைஞ்சிருக்கு, பாப்கேட்ங்கிற காட்டுப்பூனை 87.5 சதவீதம். அங்க பிடிபட்டு 2022-ல அறிவிச்ச ஒரு பெண் பாம்பு 97.5 கிலோ, வயித்துக்குள்ள 122 முட்டை, செரிச்சது போக மிச்சம் மான் குளம்பு. அதே 2012-ல அமெரிக்க அரசு பர்மீஸ் பைத்தான் இறக்குமதியைத் தடை பண்ணுச்சு, ஆனா காட்டுல இருக்கிறது காட்டுல தான் இருக்கு.

இப்ப விக்கிறவங்ககிட்ட நேரா பேசுறேன். ஒரு பர்மீஸ் தாய் ஒரு தடவைக்கு 30, 40, சில சமயம் அதுக்கும் மேல முட்டை போடும். அத்தனை குட்டிக்கும் 20 வருஷம் இடம் குடுக்கிற வீடு உங்களுக்குத் தெரியுமா? தெரியலைன்னா இந்த வருஷம் ஜோடி சேக்காதீங்க. வளந்த பெரிய பாம்பை ஜூ வாங்காது, அவங்ககிட்ட ஏற்கனவே நிறைய இருக்கு. மீட்பு மையத்துலயும் இடம் கிடைக்கிறது கஷ்டம். குட்டியை எல்லாரும் கேப்பாங்க, 4 மீட்டர் பாம்பை யாரும் கேக்க மாட்டாங்க.

நல்ல வியாபாரின்னா நான் யாரைச் சொல்லுவேன்னா, கஸ்டமர்கிட்ட அவரே கேள்வி கேப்பாரு, பெரிய கூண்டோட போட்டோ காட்டுனா தான் குட்டியைக் குடுப்பாரு, தாய் தகப்பனைக் காட்டுவாரு, கடைசியா எப்ப தின்னுச்சு எப்ப சட்டை உரிச்சுச்சுன்னு எழுதின நோட்டைக் குடுப்பாரு. இந்த இனங்க எல்லாம் சைட்டீஸ்ங்கிற, காட்டு உயிரினங்களோட சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற ஒப்பந்தத்துல வருது, அதனால எல்லை தாண்டி வந்த பாம்புன்னா அதுக்கான பேப்பரைக் கையில வெச்சிருப்பாரு. இங்கிலாந்துல 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு எந்தப் பிராணியையும் விக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, ராட்சச பாம்புக்கு அது கூட பத்தாதுன்னு நினைக்கிறேன். எல்லாத்துக்கும் மேல, "முடியலைன்னா எங்கிட்டயே கொண்டு வாங்க"ன்னு எழுத்துல குடுப்பாரு. இந்த ஒரு வரியை எழுதிக் குடுக்கத் தயங்குற ஆள்கிட்ட தயவு செஞ்சு வாங்காதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க நாட்டு, உங்க மாநிலச் சட்டத்தைப் பாருங்க, பல இடத்துல இதை வெச்சிருக்கிறதே குற்றம். ஏற்கனவே வாங்கி மாட்டிக்கிட்டவங்க பயத்துல ராத்திரியோட ராத்திரியா எங்கயும் கொண்டு போய் விட்டுடாதீங்க, முதல்ல ஊர்வன பாக்குற டாக்டர், வித்தவர், வனத்துறைன்னு வரிசையா கேளுங்க. ஃப்ளோரிடால அதுக்குன்னே பொதுமன்னிப்பு நாள் வெச்சு, கேள்வி கேக்காம வாங்கிக்கிறாங்க, உங்க பக்கமும் அப்படி ஏதாவது நடக்குதான்னு தெரிஞ்சவங்க கமெண்ட்ல போடுங்க, நான் பின் பண்ணி வெக்கிறேன். பெரிய பாம்பு வளக்கிறவங்க இருந்தா, நீங்க வாங்கின அன்னைக்கு வித்தவர் உங்ககிட்ட என்னென்ன சொன்னாரு, என்னென்ன சொல்லலைங்கிறதையும் எழுதுங்க, அடுத்த வீடியோவை அதை வெச்சே பண்ணலாம்னு இருக்கேன்.