தனியாக இருக்கவும் ஆள் வேண்டும்

[காட்சி: சித்தன்னவாசல் குன்று, காலை வெயில். கேமரா பாறை ஓரமாக ஏறுகிறது.]

சித்தன்னவாசல் என்றதும் எல்லோருக்கும் தாமரைக் குளத்து ஓவியம்தான் ஞாபகம் வரும். அதைப் பார்த்து, ரெண்டு செல்ஃபி எடுத்து, பலர் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். குன்றின் மேலே இன்னொரு பக்கத்தில் ஏழடிப்பட்டம் என்று ஒரு குகை இருக்கிறது. உள்ளே 17 கல் படுக்கைகள். வழவழவென்று தேய்த்து, தலைமாட்டில் தலையணை மாதிரி கொஞ்சம் உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். ஊரை விட்டு ஒதுங்கி வந்த சமணத் துறவிகள் தங்கிய இடம் இது.

[காட்சி: படுக்கையின் ஓரம், எழுத்துகள் நெருக்கத்தில்.]

அதில் ஒரு படுக்கையருகே தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு. வயது சுமார் 2000 வருடம். யாருக்காக அந்த இடம் என்பதை அது சொல்கிறது. யார் செய்து கொடுத்தார் என்பதையும் சொல்கிறது: 'இளயர்' செய்த அதிட்டானம், அதாவது இருக்கை. தனியாக இருக்க வந்தவருக்கும் யாரோ ஒருவர் பாறையைத் தேய்த்துப் படுக்கை போட்டுக் கொடுத்திருக்கிறார்.

நாலைந்து நாள் எங்கேயாவது தனியாகப் போய் இருந்தால் தேவலை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். இங்கிலீஷில் ரிட்ரீட் என்கிறார்கள். சர்ச்சில் தியானம் என்பார்கள். மடங்களில் சாதுர்மாஸ்யம்: மழைக்காலத்தில் சந்நியாசி ஊர் ஊராக நடக்காமல் ஒரே இடத்தில் தங்கிவிடுவது. ஈரத்தில் முளைத்த பயிரும் ஊர்கிற புழுவும் காலில் மிதிபடக்கூடாது என்று வந்த பழக்கம் அது. நம் வீட்டுப் பெண்களுக்கு அதன் பெயர் தாய்வீடு. பெயர் எதுவானாலும், எங்கே போவது என்பதில்தான் எல்லோரும் முதலில் கூகுளைத் தட்டுகிறோம். நானும் அப்படித்தான் தட்டினேன். அது ரெண்டாவது கேள்வி என்று பிறகுதான் புரிந்தது.

[காட்சி: பழைய வங்காளப் படகு வீட்டின் ஓவியம். ஆறு.]

1912 மார்ச்சில் தாகூர் கல்கத்தாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேற வேண்டியது. கிளம்புகிற நேரத்தில் உடம்பு படுத்துவிட்டது. பயணம் ரத்து. ஓய்வெடுக்க பத்மா நதிக்கரையில் இருக்கிற ஷிலைதஹாவுக்குப் போனார். இன்றைக்கு அது வங்கதேசத்தில் இருக்கிறது. அவர்கள் குடும்ப ஜமீன் அங்கேதான். புதிதாக எதையும் எழுத உடம்பில் தெம்பில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. அதனால் தான் ஏற்கெனவே வங்காளியில் எழுதிய பாட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றாக இங்கிலீஷில் போட்டுப் பார்த்தார். அந்த நோட்டுப் புத்தகம்தான் ஆங்கில கீதாஞ்சலி ஆனது. 1913-இல் நோபல்.

(நடுவில் லண்டன் சுரங்க ரயிலில் அந்த நோட்டு இருந்த பெட்டியை அவர் மகன் தொலைத்துவிட்டார். நல்லவேளை, தொலைந்த பொருள்களை வைக்கிற ஆபீசில் அது பத்திரமாகக் கிடைத்தது.)

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது நோபல் இல்லை. பெரிதாக எதையாவது எழுதிக் கிழிக்க வேண்டும் என்று அவர் அங்கே போகவில்லை. படுத்துக் கிடக்கப் போனார். கைக்கு எளிதான ஒரு வேலையை மட்டும் வைத்துக்கொண்டார். சமையலும் மற்ற காரியங்களும் பார்க்க அந்த வீட்டில் ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

[காட்சி: மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன வீடு. வாசலில் மூங்கில் கூடை.]

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பீட்டர்பரோ என்று ஓர் ஊர். 1907-இல் எட்வர்ட் மெக்டவல் என்ற இசையமைப்பாளரும் அவர் மனைவி மரியனும் அங்கே கலைஞர்களுக்கென்று ஓர் இடம் ஆரம்பித்தார்கள். காட்டுக்குள் ஆளுக்கொரு தனி அறை. மதியச் சாப்பாடு கூடையில் வாசலுக்கு வந்துவிடும். கொண்டுவருபவர் கதவைத் தட்டமாட்டார். வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவார். இன்றைக்கும் அந்தக் கூடைதான் அந்த இடத்தின் அடையாளம். அடுத்த வருடமே எட்வர்ட் இறந்துவிட்டார். அதற்கப்புறம் மரியன் ஊர் ஊராகப் போய்ப் பியானோ வாசித்துப் பணம் திரட்டி அந்த இடத்தை நடத்தினார்.

[காட்சி: திருவண்ணாமலை. மலைப்பாதை, கந்தாசிரமத்துக் கதவு.]

நம்ம ஊருக்கு வருவோம். ரமணர் விரூபாக்ஷி குகையில் 1899-இலிருந்து 1916 வரை இருந்தார், பிறகு கந்தாசிரமத்தில் 1922 வரை. முதலில் பக்தர்கள் ஊருக்குள் போய் வாங்கி வருவதுதான் சாப்பாடு. அம்மா அழகம்மாள் வந்து கூடத் தங்கிய பிறகு அங்கே அடுப்பு மூட்டிச் சமையல் ஆரம்பமானது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலையேறிய மகனுக்கும் சோறு போட அம்மா ஏறி வரவேண்டியிருந்தது.

இப்போதும் ரமணாசிரமத்துக்கு முன்னாலேயே எழுதிக் கேட்டால், இடம் இருந்தால் சில நாள் தங்கக் கொடுக்கிறார்கள். கட்டணம் கிடையாது, முடிந்ததைக் கொடுக்கலாம். மணி அடித்தால் போய்த் தரையில் உட்கார வேண்டியது, இலையில் விழுவதைச் சாப்பிட வேண்டியது. இன்றைக்கு என்ன சாப்பிடலாம் என்ற ஒரு யோசனை தலையிலிருந்து இறங்கினாலே எவ்வளவு காலியாகிறது என்று அங்கே தெரியும். பௌர்ணமி அன்று மட்டும் போகாதீர்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். தனிமைக்கு அன்றைக்கு ஊரில் இடமே இல்லை. கையில் வாழைப்பழம் வைத்துக்கொண்டு மலையேறவும் வேண்டாம், குரங்குகளுக்கு அது நன்றாகத் தெரியும்.

விபாசனா தியானப் பயிற்சி பற்றி நிறையப் பேர் கமெண்டில் கேட்கிறீர்கள். சென்னை பக்கத்தில் திருமுடிவாக்கத்திலேயே மையம் இருக்கிறது. 10 நாள், பேச்சு கிடையாது, காலை 4 மணிக்கு மணி அடித்துவிடுவார்கள். காசு வாங்குவதில்லை, முன்னால் பயிற்சி முடித்தவர்கள் கொடுத்த நன்கொடையில்தான் நீங்கள் சாப்பிடுகிறீர்கள், பரிமாறுவதும் அப்படி முடித்துவிட்டுத் தொண்டு செய்ய வந்தவர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் படிக்கவும் எழுதவும் அங்கே அனுமதி இல்லை. கதையோ ஓவியமோ மனதில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு அது சரிப்படாது. அது வேறு வேலைக்கான இடம்.

[காட்சி: ஃபிரிட்ஜ் கதவு. காந்தத்தில் மாட்டிய ஒரு தாள்.]

சரி, என் கதை. போன வருடம் மூன்று மாதமாக ஒரு ஸ்கிரிப்டும் உருப்படியாக வரவில்லை. கடற்கரை ஊர் ஒன்றில் நாலு நாள் இருக்கலாம் என்று முடிவு செய்தேன். முதல் லாட்ஜில், "சிங்கிளுக்கு ரூம் குடுக்கிறதில்லைங்க" என்று முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்கள். தனி ஆள் என்று போனிலேயே சொல்லி, சரி என்ற பிறகு கிளம்புங்கள். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் அலைய வேண்டாம்.

நான் இல்லாத நாட்களில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள அக்கா வந்தாள். அவளுக்காக ஒரு தாள் எழுதி ஃபிரிட்ஜில் மாட்டினேன். சாப்பாட்டுக்கு முந்தைய மாத்திரை எது, பிந்தையது எது. தண்ணிக் கேன் எந்தக் கிழமை. மோட்டார் போட்டால் இருபது நிமிஷத்தில் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கீழ் வீட்டுக்காரர் சத்தம் போடுவார். எழுத எழுத நீண்டுகொண்டே போய், தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினேன். நான் ஏன் களைத்துப்போயிருக்கிறேன் என்பதற்கு அந்தத் தாளே போதும்.

முதல் நாள் முழுக்கத் தூங்கினேன். எழுந்து டீ குடித்து, மறுபடியும் தூங்கினேன். ரெண்டாம் நாள்தான் கஷ்டம். போனை அணைத்துப் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் கை சட்டைப்பைக்கே போகிறது. வீண் செலவு, பேசாமல் திரும்பிவிடலாம் என்று பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். அவசரத்துக்கு லாட்ஜ் நம்பரை அக்காவிடம் கொடுத்திருந்தேன். அதில் அழைப்பு எதுவும் வரவில்லை என்பது ஒன்றுதான் என்னைப் பிடித்து வைத்தது. வலை பின்னுகிற ஒரு பெரியவர் பக்கத்தில் போய் ரெண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் நோட்டைத் திறந்தேன். நாலு பக்கம் வந்தது. அதில் ஒரு பக்கம்தான் தேறியது. அந்தப் பக்கத்திலிருந்துதான் இந்த வீடியோ.

அதனால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு எதுவும் வரவில்லையே என்று குறைபடாதீர்கள். குறைந்தது மூன்று இரவு வேண்டும். ஒரே ஒரு மெஸ்ஸில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். படிக்க நேரமே கிடைக்காத ஆறு புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அது பரீட்சை மாதிரி ஆகிவிடும். ஆனால் எதற்கும் முன்னால் அந்தத் தாளை எழுதுங்கள், அதை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். இடம் பார்ப்பது அதற்கப்புறம்.

[காட்சி: மொட்டை மாடி அறை. அட்டைப் பெட்டிகள், பழைய மிக்ஸி, வடாம் காயப்போடும் ஷீட்.]

அடுத்த மாதம் அக்காவின் முறை. கொடைக்கானலில் ரூம் போடட்டுமா என்று கேட்டேன். "எங்கேயும் வேண்டாம். மாடி ரூமைக் காலி பண்ணிக் குடு. சாப்பாட்டை வாசல்ல வச்சிட்டுப் போ, கதவத் தட்டாத" என்றாள். பசங்களுக்கு டிஃபன் கட்டுவது, ஸ்கூல் வேன் நேரம், எல்லாம் எழுதி ஒரு தாள் அவளும் கொடுத்திருக்கிறாள். மூன்று பக்கம். இந்த ஞாயிற்றுக்கிழமை ரூமை ஒழிக்க ஆரம்பித்திருக்கிறேன். அந்த மிக்ஸி யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஜார் மட்டும் இல்லை.